உன் பாடம் எது?

மைசூர்ச் சர்வகலாசாலையில் பி.எஸ்ஸி. படித்த ஒருவனைத் தமிழ்நாட்டார் ஒருவர் கண்டு, "தம்பி, உன் பாடம் எது?" என்று கேட்டால் அவன் ஒரு கணம் விழிக்கத்தான் செய்வான். அவன் பௌதிகமும் படித்தவன், இரசாயனமும் படித்தவன், கணிதமும் படித்தவன். மூன்றும் அவனுக்குச் சமம். மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்ற வேற்றுமை அங்கே இருந்ததில்லை. சென்னை முறையிலோ முதன்மைப் பாடம் ஒன்றே, மற்றவை துணைப்பாடங்கள். அங்கே ஒருவன் 'பௌதிகக்காரன்' அல்லது 'இரசாயனக்காரன்'. இங்கே அவன் மூன்று வீட்டு மாப்பிள்ளை.

மூன்று வீட்டிலும் விருந்துண்டா, அல்லது எந்த வீட்டிலும் இலை போடமாட்டார்களா என்பதுதான் நம்மில் பலருக்கு இன்றுள்ள கவலை.

இந்த முறையும் நிலையாக இருந்துவிடவில்லை. 2021-இல் கர்நாடக அரசாங்கம் புதிய தேசியக் கல்விக் கொள்கையை நாட்டிலேயே முதலாவதாக ஏற்று, நான்காண்டுப் பட்டத்தையும், துறை தாண்டிய விருப்பப் பாடங்களையும் கொணர்ந்தது. 2024 மே மாதத்தில் அதைக் கைவிட்டு மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பியது. ஆகவே 2020-இல் சேர்ந்தவர் ஒரு மாதிரி. 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் சேர்ந்தவர் வேறொரு மாதிரி. 2024-இல் சேர்ந்தவர் இன்னொரு மாதிரி. கல்லூரி ஒன்று, வகுப்பறை ஒன்று, உட்கார்ந்த பெஞ்சு ஒன்று. மதிப்பெண் பட்டியல்கள் மட்டும் மூன்று விதம். இவற்றை வரிசையாக மேசைமேல் பரப்பினால், அடுத்த மாநிலத்து அதிகாரி ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதில் வியப்பில்லை.

இத்தோடு நில்லாமல், ஊர்ப்புறத்துச் சிறு கல்லூரிகளில் புதுப் பெயர்களுடன் கலப்புப் பாடங்கள் தோன்றியவண்ணம் இருக்கின்றன. உயிரியலும் கணிப்பொறியும் சேர்ந்தது ஒன்று. பௌதிகமும் இரசாயனமும் சேர்ந்தது ஒன்று. சுற்றுச்சூழலும் புவியியலும் சட்டமும் சேர்ந்தது மற்றொன்று. கல்லூரி விவரக் கையேட்டைப் புரட்டினால், 'இப்படிப்பை முடித்தவர்க்கு எல்லாத் துறைகளின் கதவுகளும் திறந்திருக்கும்' என்ற வாசகம் கண்ணில் படாமல் போகாது.

நான் கலப்புப் பாடங்களுக்கு எதிரி அல்லேன். அவற்றால் பயன் பெற்றவன். இயற்கை தன்னைப் பௌதிகம், இரசாயனம் என்று பாகப் பிரிவினை செய்துகொள்ளவில்லை. அதைச் செய்தவர்கள் நாம்தாம். ஆனால் அந்தக் கையேட்டு வாசகத்தை நான் நம்புவதில்லை. ஒரு கலப்புப் படிப்பு ஒருவனுக்குச் சோறு போடுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் அகலமும் அன்று, ஆழமும் அன்று. எங்கோ ஓர் உத்தியோக விதியில் அதன் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே. இது அழகான உண்மை அன்று. எனினும் உண்மை இதுதான் என்பதைக் காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை; மானசகங்கோத்ரியைச் சுற்றி ஒரு மாலைநேரம் நடந்தால் போதும்.

முதலில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தைப் பாருங்கள். 1965-இல் தொடங்கப்பட்டது. அங்கே படிக்கும் பெண்ணொருத்தி ஒரே பட்டத்துக்குள் உடற்கூறு படிக்கிறாள், ஒலியின் பௌதிகம் படிக்கிறாள், மொழியியல் படிக்கிறாள், உளவியல் படிக்கிறாள், காதுக்கருவிக்குள் இருக்கும் மின்னணுவியலையும் படிக்கிறாள். இதைவிடக் கலந்த கலப்பு இந்நாட்டில் வேறுண்டோ? எனினும், 'உன் பாடம் எது?' என்று கேட்டால் அவள் விழிப்பதில்லை. காரணம் என்ன? 1992-இல் பாராளுமன்றம் இயற்றிய இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் அவளுடைய தொழிலுக்குப் பெயர் கொடுத்தது, பதிவேடு கொடுத்தது, அந்தப் பதிவேட்டில் பெயரில்லாதவர் அத்தொழிலைச் செய்யலாகாது என்று வேலியும் போட்டது. மருத்துவமனையில் ஒரு நாற்காலி அவளுக்கென்றே போடப்பட்டுவிட்டது. அதில் தனிப் பௌதிகம் படித்தவரும் உட்கார முடியாது. தனி மொழியியல் படித்தவரும் உட்கார முடியாது. ஐந்து துறைகளைக் கலந்து படித்தவள் என்பதே அவளுக்குத் தகுதியாயிற்று.

சேலுவாம்பா மாளிகையில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் கதையும் இதைப் போன்றதே. நிலையம் பிறந்தது 1950. அங்கே உணவுத் தொழில்நுட்ப முதுகலைப் படிப்புத் தொடங்கியது 1964. உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் தகுதியை வகுத்த 2011-ஆம் ஆண்டு விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒரு சின்ன விருந்தே நடக்கிறது: உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று பல பட்டங்கள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டிருக்கின்றன. இரசாயன முதுகலைக்காரருக்கும் மருத்துவப் பட்டதாரிக்குங்கூட இலை போட்டிருக்கிறார்கள். விதி எழுதியவர் மனம் வைத்தால் எத்தனை துறைகளை ஒரே பந்தியில் உட்கார வைக்கலாம் என்பதற்கு இது சான்று.

மூன்றாவதாக, மண்டலக் கல்வியியல் நிறுவனம். இதில் தமிழராகிய நமக்குத் தனி அக்கறை உண்டு. ஏனெனில் இதன் வேர் சென்னையில் இருக்கிறது. சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, நாடெங்கும் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. ஏட்டுக் கல்வியோடு தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை ஆகியவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கும் பள்ளிகள் அவை. அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டுமே! அவர்களை உருவாக்கவே அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் எழுந்தன. மைசூர்க் கல்லூரி 1963-இல் தொடங்கியது. பாடத்தையும் பயிற்றும் கலையையும் நான்கு ஆண்டுகளில் பின்னிக் கொடுக்கும் படிப்பு அங்கே பிறந்தது.

பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. பல்நோக்குப் பள்ளிகள் எதிர்பார்த்தபடி தழைக்கவில்லை. பள்ளிகள் தேயவே, அவற்றை நம்பித் தொடங்கிய தொழில்நுட்ப, வணிக ஆசிரியப் படிப்புகளும் மறைந்தன. அறிவியலும் ஆசிரியப் பயிற்சியும் கலந்த படிப்பு மட்டும் உயிர் பிழைத்தது. ஏன்? அறிவியல் ஆசிரியர் என்ற நாற்காலி நாட்டின் ஒவ்வொரு பள்ளியிலும் முன்பே இருந்தது. 2010 ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்க்குத் தகுதி வகுத்தபோது, நான்காண்டு பி.எஸ்ஸி.எட். பட்டத்தைப் பெயர் குறித்தே எழுதிவிட்டது. இன்று அந்த வளாகத்துப் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்ப்பவர், 'செயல்விளக்கப் பல்நோக்குப் பள்ளி' என்று எழுதியிருப்பதைக் காணலாம். பல்நோக்குப் பள்ளி என்ற திட்டம் போய்விட்டது; பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது. ஒரே கல்லூரியில், ஒரே காலத்தில், ஒரே வகை உற்சாகத்தோடு தொடங்கிய படிப்புகளில் சில வாழ்ந்தன, சில மாண்டன. கற்பித்தவர்களின் திறமையிலோ கற்றவர்களின் உழைப்பிலோ வேற்றுமை இருந்ததாக நான் நினைக்கவில்லை. மறுமுனையில் நாற்காலி இருந்ததா இல்லையா என்பதே வேற்றுமை.

இனிச் சிறு கல்லூரிகளுக்கு வருவோம். சிறு கல்லூரியின் நன்மைகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆசிரியருக்கு உன் பெயர் தெரியும். ஆய்வகத்துச் சாவியை நம்பிக் கொடுப்பார்கள். நூறு பேருக்கு நடுவே பின்வரிசையில் ஒளிந்துகொள்ள முடியாது. கலப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. தாவரவியல்காரரும் புள்ளியியல்காரரும் ஒரே அறையில் தேநீர் குடிக்கும் கல்லூரியில்தான் இரு பாடங்களும் உண்மையாகக் கலக்கும். பெரிய சர்வகலாசாலையில் துறைக்குத் துறை மதிற்சுவர்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் புதுப் பாடத்தை உங்களுக்குக் கற்பிப்பவர் யார்? கர்நாடகத்தின் கல்லூரிகளில் விருந்தினர் விரிவுரையாளர் என்ற ஒரு வகுப்பார் இருக்கிறார்கள். பெயரில் விருந்து இருக்கிறது. நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் இல்லை. சிறு கல்லூரியின் பழைய பாடங்களுக்கு நிலையான பதவிகள் உண்டு. புதுக் கலப்புப் பாடமோ பெரும்பாலும் இந்த விருந்தினரின் தோளில்தான் ஏறி நிற்கிறது. எல்லாத் துறைகளின் கதவுகளையும் திறக்கும் என்று சொல்லப்படுகிற பாடம், தன்னைக் கற்பிக்கும் கல்லூரியிலேயே ஒரு நிரந்தரப் பதவியின் கதவைத் திறக்கவில்லை என்றால், அந்தச் சொல்லை எப்படி நம்புவது? பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான். கையேட்டை மூடிவிடுங்கள், நேரே அந்தத் துறைக்குப் போங்கள், "ஐயா, இந்தப் பாடத்துக்கு இங்கே நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்?" என்று பணிவாகக் கேளுங்கள். பதில் வருவதற்கு ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டிவந்து படிக்கும் நமக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. இணைத்தன்மை என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் பாக்கியசாலிகள். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பதவிக்குக் குறிப்பிட்ட பட்டம் தகுதி என்றிருக்கும்போது, வேறு பெயருள்ள பட்டத்தோடு ஒருவர் வந்தால், அது இதற்கு இணையானதுதானா என்று முடிவு செய்ய வேண்டும். உயர்கல்வி மன்றத்தின் கீழுள்ள இணைத்தன்மைக் குழு பாடத்திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கும். பிறகு உயர்கல்வித் துறையிலிருந்து அரசாணை வரும், 'இணையானது' என்றோ 'இணையானதன்று' என்றோ. முறை இருப்பதை நான் குறை கூறவில்லை. யார் வேண்டுமானாலும் எந்தப் பட்டத்தையும் காட்டி ஆசிரியராகிவிடலாம் என்றால், நாளை நம் தம்பிக்கு மின்காந்தவியல் நடத்த வருபவர் மின்காந்தவியலைப் படித்தே இராதவராக இருக்கலாம். குறை எங்கே என்றால், அந்த ஒப்பீட்டைக் கேட்டு வாங்கும் சுமை படித்து முடித்த தனி மாணவன் தலையில் விழுவதில் இருக்கிறது. அவன் கேட்பதோ வேலைக்கு விண்ணப்பித்த பிறகு.

எனக்கு மூத்தவர் ஒருவர், தர்மபுரிப் பக்கத்துக்காரர், இங்கே ஒரு சிறு கல்லூரியில் பௌதிகமும் இரசாயனமும் கலந்த பாடத்தில் முதுகலை முடித்தார். வகுப்பில் முதல்வர். ஊருக்குப் போய் ஒரு பதவிக்கு எழுதினார், தேர்விலும் தேறினார். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில், "உங்கள் பட்டம் பௌதிகத்துக்கு இணை என்று ஆணை இருக்கிறதா?" என்றார்கள். இல்லை. மைசூருக்கு வந்து பாடத்திட்டத்தின் மெய்ப்பகர்ப்பை வாங்க மூன்று வாரம் ஆயிற்று. அவர் படித்த ஆண்டின் பாடத்திட்டம் மாறிவிட்டதால் பழையதைத் தேடி எடுக்க மேலும் சில வாரம். அவர் கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தபோதே அந்தப் பதவிகள் நிரம்பிவிட்டன. மைசூரிலிருந்து சத்தியமங்கலம் போகும் பஸ் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு மணிக்குள் இறங்கிவிடுகிறது. அவருடைய பட்டத்துக்கு அந்த மலையை இறங்க ஓராண்டு போதவில்லை. இப்போது அவர் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். நன்றாகவே கற்பிக்கிறார் என்று கேள்வி. அவரிடம் யாரும் இணைத்தன்மை கேட்கவில்லை.

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. ஒருவன் இலண்டனிலோ சிட்னியிலோ பட்டம் வாங்கி வந்தால், அதற்கு இணை எது என்று சொல்ல நம் நாட்டில் மைய ஏற்பாடு இருக்கிறது; 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. பக்கத்து மாநிலத்துப் பட்டத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. கடல் தாண்டியவனுக்கு உள்ள வசதி காவிரி தாண்டியவனுக்கு இல்லை.

பரிகாரம் கடினமானதன்று. புதுப் பெயருள்ள படிப்பு ஒன்றைத் தொடங்கும்போதே, மாணவனைச் சேர்க்கும் முன்பாகவே, அதைத் தொடங்கும் சர்வகலாசாலைதான் அண்டை மாநிலங்களுக்கு எழுதி இணைத்தன்மை வாங்கி வைக்கவேண்டும். வாங்க முடியாவிட்டால் அதைக் கையேட்டிலே அச்சிடவேண்டும். மதிப்பெண் பட்டியலோடு இன்னொரு தாளும் தரவேண்டும்: இந்த மாணவன் பௌதிகத்தில் இத்தனை மணி, இரசாயனத்தில் இத்தனை மணி, ஆய்வகத்தில் இத்தனை மணி படித்தான் என்ற கணக்கு. இதற்குப் பணமும் வேண்டியதில்லை; புதுச் சட்டமும் வேண்டியதில்லை. ஒரு குமாஸ்தாவின் ஒரு வார வேலை. அந்த ஒரு வாரத்தை நிருவாகம் செலவிடாததால் ஒவ்வொரு மாணவனும் ஓர் ஆண்டைச் செலவிடுகிறான்.

இவ்வளவும் கேட்டபின் சிலர் சொல்வார்கள்: "நீ எப்போதும் உத்தியோகத்தையே நினைக்கிறாய். பெரியவர்கள் விதியைப் பார்த்தா படித்தார்கள்? ஏ.கே. இராமானுசனைப் பார். வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனைப் பார்." பார்ப்போம். இருவரையும் நான் வணங்குகிறேன். ஆனால் அவர்கள் வரலாற்றை முழுவதும் படித்தபின் வணங்குகிறேன்.

இராமானுசன் 1929-இல் இந்த மைசூரில் பிறந்த தமிழர். தந்தை இச்சர்வகலாசாலையிலேயே கணிதப் பேராசிரியர். வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மாவிடம் தமிழ், மாடியில் அப்பாவிடம் ஆங்கிலம், தெருவில் கன்னடம். கல்லூரியில் முதலில் சேர்ந்தது விஞ்ஞானத்தில். மகனுக்குக் கணக்கு ஏறாது என்று கண்ட தந்தை, தாமே அழைத்துப்போய்ப் பாடத்தை ஆங்கில இலக்கியமாக மாற்றிவிட்டாராம். பிற்காலத்தில் அவர் மொழியியல் அறிஞர், நாட்டார் வழக்காற்றியல் அறிஞர், கவிஞர், மொழிபெயர்ப்பாளர் எல்லாமாக விளங்கினார். 1962-இல் சிகாகோவில் ஒரு நூலகத்தின் நிலவறை அடுக்கில், டாக்டர் உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் பட்டது. 1967-இல் அதிலிருந்து அவர் மொழிபெயர்த்த கவிதைகள் நூலாக வந்தன. இதெல்லாம் உண்மை. ஆனால் 1950 தொட்டு ஏறக்குறைய எட்டாண்டு கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக அவருக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது எது? 'ஆங்கில எம்.ஏ.' என்ற ஒற்றை முத்திரை. கதை சேகரித்ததும் பழமொழி சேகரித்ததும் அந்தச் சம்பளத்தில் நடந்தவை. அவர் கற்ற அத்தனையையும் ஒரே பதவிக்குள் ஏற்றுக்கொண்ட சர்வகலாசாலை கடல் கடந்து இருந்தது.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் கதை இன்னும் கூர்மையானது. பரோடாவில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி., 1971. அமெரிக்காவில் ஒகாயோ சர்வகலாசாலையில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம், 1976. பட்டம் கையில் இருக்க, மறுபடி மாணவனாகி சான் டியகோவில் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்தார். பிறகு யேல் சர்வகலாசாலையில் ரைபோசோம் ஆராய்ச்சி. அதன்பின் ஆசிரியப் பதவி தேடி ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்கு எழுதினார், ஓரிடமும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியப் பதவி கொடாத நாட்டில், அரசாங்க ஆய்வகங்களான ஓக் ரிட்ஜும் புரூக்ஹேவனும் அவருக்கு இடம் கொடுத்தன. 2009-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பட்டம் பௌதிகம், வேலை உயிரியல், பரிசு இரசாயனம்! நம்மூர்ச் சான்றிதழ் சரிபார்ப்பு மேசைமுன் அவர் நின்றால் எந்த வரிசையில் நிற்கச் சொல்வார்கள் என்று எண்ணிச் சிரிப்பதுண்டு. சிரித்து முடித்தபின் அந்த ஐம்பது கடிதங்கள் நினைவுக்கு வருகின்றன. டாக்டர் பட்டமும் யேல் அனுபவமும் இருந்தவருக்கே ஐம்பது 'இல்லை'. சிறு கல்லூரியிலிருந்து வரும் நமக்கு எத்தனை கடிதம் எழுதத் தபால்தலை வேண்டும்?

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பழமொழியை எடுத்து வீசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல மரம் கண்டவனுக்குத்தான் கதவுக்கு எது, கலப்பைக்கு எது என்று தெரியும். ஆனாலும் அவனுக்குக் கூலி கொடுப்பவன், முதலில் ஒரு மரத்தையாவது வெட்டிக் காட்டு என்றுதான் கேட்கிறான். ஆகவே என் கட்சி இது: கலப்பாகப் படியுங்கள், ஆனால் ஒரு பாடத்தில் மட்டும், எவர் வந்து எந்தப் பக்கம் தட்டிப் பார்த்தாலும் ஓசை மாறாத அளவுக்கு ஊன்றி நில்லுங்கள். விஞ்ஞான மாணவர்க்கு இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் வாசல்கள் ஐந்தே: இரசாயன அறிவியல், புவி அறிவியல், உயிர் அறிவியல், கணித அறிவியல், பௌதிக அறிவியல். உங்கள் பட்டத்தின் பெயர் என்னவாயினும் இந்த ஐந்தில் ஒன்றின் வழியாகத்தான் நுழைய வேண்டும். நுழைந்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கலப்புப் பாடம் படிப்பவர் முதலாண்டிலேயே தமக்குரிய வாசலைத் தேர்ந்துகொண்டு, வகுப்பில் விடுபட்ட பகுதிகளைத் தாமாகவே படித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். கல்லூரி அதைச் செய்து தராது.

தனியார் கம்பெனிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர்கள் பட்டத்தின் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அது பெருந்தன்மை என்று சிலர் கருதுகிறார்கள். நீ படித்தது எதுவாயினும் எங்களுக்கு அக்கறையில்லை என்பதன் மறுபெயர் அது என்பது என் எண்ணம். பெயர் பாராமல் எடுப்பவர்கள் பெயர் பாராமல் அனுப்பவும் செய்வார்கள். 2025 பிப்ரவரியில் இதே மைசூரில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்திலிருந்து, உள்தேர்வில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டதை நாம் அறிவோம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் இரு வகையார் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர் ஒரு வகை. பெற்றோர் பிழைப்புக்கு வந்ததால் இங்கேயே வளர்ந்து, பள்ளியில் கன்னடம் படித்தவர் மற்றொரு வகை. முதல் வகையார், இங்கே மாநில அரசுப் பணி வேண்டுமென்றால் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்பதை மறந்து, கடைத்தெருக் கன்னடத்தோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் வகையார், தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் அரசாணைப்படி அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடாவது வாங்கவேண்டும் என்பதை அறியாமல் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் மாலையில் ஒரு மணிநேரம் எழுத்துக் கற்றுக்கொடுத்தால் இருவருக்கும் இரண்டு மாநிலங்கள் கிடைக்கும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகிற நாம் இதற்கும் கூடலாம்.

நம் சங்கம் செய்யக்கூடிய இன்னொரு காரியமும் உண்டு. இங்கே படித்து முடித்துப் போன தமிழ் மாணவர்கள் எந்தப் பட்டத்தோடு போனார்கள், எங்கே விண்ணப்பித்தார்கள், எது ஏற்கப்பட்டது, எது திருப்பப்பட்டது, இணைத்தன்மை ஆணை கிடைத்ததென்றால் அதன் எண் என்ன என்பவற்றை ஒரு பேரேட்டில் எழுதிச் சங்க அறையில் வைக்கலாம். தங்கள் ஆண்டுப் பாடத்திட்டத்தின் மெய்ப்பகர்ப்பு ஒன்றை, கல்லூரியை விட்டுப் போகுமுன் ஒவ்வொருவரும் வாங்கி அதோடு சேர்த்துவிட்டுப் போகலாம். பெயர் எழுத விரும்பாதவர் பட்டத்தை மட்டும் எழுதட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். தர்மபுரி நண்பர் தம்முடைய கோப்பின் நகல்களைத் தபாலில் அனுப்பச் சம்மதித்துவிட்டார்; பேரேடு வாங்க வேண்டியதுதான் பாக்கி.